பாஸ்வேர்டு சரிதான்... ஆனாலும் ஆபீஸ் ஃபோல்டர் ஏன் திறக்க மாட்டேங்குது?

மாதம் 19-ம் தேதி, மாலை ஆறு மணி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். ஒரு நடுத்தர ஆடிட்டர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபது, முப்பது கம்ப்யூட்டர்கள். மூலையில் ஒரு ஏசி அறை, அதற்குள் ஒரு சர்வர். ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து நாலு நாளே ஆன ஒருவர் தன் சொந்த லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். பெயர் பிரியா என்று வைத்துக்கொள்வோம்.

வைஃபை கிடைத்துவிட்டது. யூடியூப்கூட ஓடுகிறது. ஆனால் க்ளையன்ட் ஃபைல்கள் இருக்கும் ஆபீஸ் ஃபோல்டரைத் திறந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி வருகிறது. ஆபீஸில் கொடுத்த பெயர், ஆபீஸில் கொடுத்த பாஸ்வேர்டு, இரண்டையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடிக்கிறார். தவறு என்கிறது. பக்கத்து சீட்டில் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போகிறது!

ஆடிட்டர், சிஸ்டம் சர்வீஸ் செய்யும் ஆளுக்கு போன் போடுகிறார். "என்ன தம்பி, புது லேப்டாப்ல ஃபோல்டர் ஓபன் ஆக மாட்டேங்குதே?" அந்தப் பக்கம் இருந்து உடனே பதில் வருகிறது: "சார், அந்த ஃபோல்டருக்கு எவ்ரிஒன் போட்டு ஃபுல் கன்ட்ரோல் குடுத்துடுங்க. எல்லாருக்கும் ஓடிடும்."

பல அலுவலகங்களில் பிரச்சினை இங்கேதான் 'முடிகிறது'. உண்மையில் பெரிய பிரச்சினை ஒன்று இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரியாவுக்குத் தேவைப்பட்டது பெயருக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை.

'எந்தப் பிரியா?'

ஆபீஸ் போனில் "பிரியாகிட்ட குடுங்க" என்றால் எதிர்முனையில் என்ன கேட்பார்கள்? "எந்தப் பிரியா? அக்கவுன்ட்ஸ் பிரியாவா, ஆடிட் பிரியாவா?" கம்ப்யூட்டரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் வாய் திறந்து கேட்காது, அதுதான் சிக்கல்.

முதலில் டொமைன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு அலுவலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் ஆட்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு பதிவேடு வைத்துக்கொள்வதுதான் டொமைன். அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இதை 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற பெயரில் தருகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தவை. யார் வந்து லாகின் செய்தாலும் "இவர் நம்ம ஆள்தானா?" என்று டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். காலையில் ஒருமுறை லாகின் செய்துவிட்டால் ஃபோல்டர், பிரின்டர் எதற்கும் மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதும் இதனால்தான்.

டொமைனில் சேராத கம்ப்யூட்டருக்கு இந்தப் பொதுப் பதிவேடு கிடையாது. தனக்கென்று சொந்தமாக ஒரு குட்டிப் பதிவேடு வைத்திருக்கும். பிரியாவின் லேப்டாப்பில் 'பிரியா' என்ற கணக்கு இருக்கலாம். ஆனால் அது அந்த லேப்டாப்பின் பிரியா. ஆபீஸ் பதிவேட்டில் இருப்பது ஆபீஸ் பிரியா. பெயர் ஒன்றுதான், ஆள்கூட ஒன்றுதான். ஆனால் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு இருவரும் வேறு வேறு.

சரி, லேப்டாப்பை டொமைனில் சேர்த்துவிட வேண்டியதுதானே? முடியாது. கடையில் வாங்கும் பெரும்பாலான லேப்டாப்புகளில் இருப்பது விண்டோஸ் ஹோம் எடிஷன். அதை டொமைனில் சேர்க்கும் வசதியே கிடையாது; ப்ரோ எடிஷன் வேண்டும். தவிர, சொந்த லேப்டாப்பை ஆபீஸ் டொமைனில் சேர்த்தால் அதன் கட்டுப்பாடும் ஆபீஸ் அட்மின் கைக்குப் போய்விடும். அதை எத்தனை பேர் விரும்புவார்கள்?

சேராமலேயே ஃபோல்டரைத் திறக்கலாம். ஷேர் செய்த ஃபோல்டரை நீங்கள் க்ளிக் செய்ததும், விண்டோஸ் உங்களைக் கேட்காமலேயே, லேப்டாப்பில் லாகின் செய்திருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து ஒருமுறை தட்டிப் பார்க்கும். அது செல்லாவிட்டால்தான் பெட்டி வரும். அந்தப் பெட்டியில் வெறும் 'பிரியா' என்று அடித்தால் எந்தப் பதிவேட்டில் உள்ள பிரியா என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. லேப்டாப்பின் பெயரே அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு போகலாம். சர்வரைப் பொறுத்தவரை அது முன்பின் தெரியாத வீட்டுப் பிரியா.

தீர்வு, வீட்டுப் பெயரோடு சேர்த்துச் சொல்வது. ஆபீஸ் டொமைனின் பெயர் 'ஆபீஸ்' என்றால், பெட்டியில் ஆபீஸ்\பிரியா என்று அடிக்க வேண்டும் (நிஜத்தில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). நடுவில் இருப்பது பின்பக்கம் சாயும் கோடு, பேக்ஸ்லாஷ். இணைய முகவரியில் வரும் முன்பக்கக் கோட்டைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் முழிப்பவர்கள் உண்டு. இன்னொரு வடிவமும் உண்டு: இமெயில் மாதிரி பிரியா@ஆபீஸ்.லோக்கல் என்று டொமைனின் முழுப் பெயரோடு அடிப்பது. உங்கள் ஆபீஸில் அந்த இடத்தில் என்ன பெயர் வரும் என்று தெரியாவிட்டால், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஹூஆம்ஐ' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். "நான் யார்?" என்ற அந்தக் கேள்விக்கு வீட்டுப் பெயரும் சொந்தப் பெயருமாக முழு பதில் வரும். அதை அப்படியே லேப்டாப்பில் அடித்தால் போதும்.

தலைகீழாகவும் இதே விதிதான். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிரியாவின் லேப்டாப்பில் உள்ள ஃபோல்டரைத் திறக்க வேண்டுமென்றால், லேப்டாப்பின் பெயர், பேக்ஸ்லாஷ், அந்த லேப்டாப்பில் உள்ள கணக்கின் பெயர். யாருடைய கதவோ, அவர்கள் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும்.

பழைய சிஸ்டம் ஆட்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் கணக்கு வைத்துவிட்டால் பெட்டியே வராமல் திறந்துகொள்ளும். உண்மைதான். லேப்டாப் சத்தமில்லாமல் தட்டும் அந்த முதல் தட்டலே பலித்துவிடும். ஆனால் ஒரு பக்கம் பாஸ்வேர்டை மாற்றிய அன்றே அது நின்றுபோகும், ஏன் நின்றது என்றும் யாருக்கும் புரியாது. இரண்டு கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்குச் சரி. முப்பது கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸுக்குத் தலைவலி.

கதவே தெரியலையா, கதவு திறக்கலையா?

"ஃபோல்டர் வரலை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. திரையில் வரும் எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எர்ரர் 53 அல்லது 80070035 என்று முடியும் நீளமான எண் வந்தால், கதவையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். இதற்குப் பாஸ்வேர்டோடு சம்பந்தமே இல்லை. 1326 அல்லது 86 வந்தால், கதவு கிடைத்துவிட்டது, சொன்ன பெயரோ பாஸ்வேர்டோ செல்லவில்லை. வெறும் 5, அதாவது 'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் யாரென்று சர்வருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் இந்த ஃபோல்டருக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. இந்த மூன்றாவதை லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் சரிசெய்ய முடியாது. சர்வர் பக்கம் அனுமதி கொடுப்பவர்தான் பார்க்க வேண்டும்.

முதல் வகைதான் சொந்த லேப்டாப்காரர்களை அதிகம் அலைய விடும். வைஃபை இருக்கிறது, நெட் வருகிறது, அப்புறம் ஏன் சர்வர் தெரியவில்லை? முதல் சந்தேகம் கெஸ்ட் வைஃபை. பல ஆபீஸ்களில் வெளியாட்களுக்கென்று தனி வைஃபை இருக்கும். அதிலிருந்து இணையத்துக்குப் போகலாம். ஆபீஸ் சர்வர் பக்கம் போக முடியாதபடி நடுவில் சுவர் இருக்கும். அது கோளாறு இல்லை. அதற்காகத்தான் அந்த வைஃபையே வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பெயரைத் தேடும் இடம். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் "இந்தப் பெயருள்ள சர்வர் எங்கே இருக்கிறது?" என்று டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். உங்கள் லேப்டாப்பில் நெட் வேகமாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று போட்டு வைத்திருக்கிறீர்களா? அது கூகுளின் டிஎன்எஸ். உங்கள் ஆபீஸ் மூலையில் ஏசி அறைக்குள் இருக்கும் சர்வரின் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? அதைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். குட்டிப் பெயருக்குப் பதிலாக டொமைனோடு சேர்ந்த முழுப் பெயரையும் போட்டுப் பார்க்கலாம்.

பெயர் இல்லாமல் நேரடியாக சர்வரின் ஐபி எண்ணைப் போட்டாலும் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பெயரைச் சொல்லிப் போனால், அடையாளத்தைச் சரிபார்க்க 'கெர்பரோஸ்' என்ற வலுவான முறையைப் பயன்படுத்த வாய்ப்பிருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி-யில் உருவான இதற்கு, கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். ஐபி எண்ணைப் போட்டால் வழக்கமாக என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு விண்டோஸ் இறங்கிவிடும். 2024 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இந்த என்டிஎல்எம்-மை கைவிடப்படும் தொழில்நுட்பங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்று ஐபி எண் போட்டு ஓடும் ஏற்பாடு, ஆபீஸில் என்டிஎல்எம்-மை நிறுத்தும் நாளில் ஓடாது.

இன்னொன்று, பெரிய நிறுவனங்களில் மட்டும் வரும். ஷேர் ஃபோல்டரின் முகவரி சர்வர் பெயரில் தொடங்காமல் டொமைன் பெயரிலேயே தொடங்கும். இது டிஎஃப்எஸ் என்ற ஏற்பாடு. நீங்கள் ஒரு முகவரிக்குப் போனால், அது உங்களை வேறொரு சர்வரின் குட்டிப் பெயருக்குத் திருப்பி அனுப்பும். டொமைனுக்கு வெளியே இருக்கும் லேப்டாப்புக்கு அந்தக் குட்டிப் பெயர் புரியாது. முதல் கதவு திறக்கும், உள்ளே போனால் முட்டுச்சந்து. ஃபோல்டர் நிஜமாக எந்த சர்வரில் இருக்கிறது என்று ஐடி டீமிடம் கேட்டு வாங்குவதுதான் சுலபம்.

மாற்றி மாற்றிப் பேசினால் விண்டோஸுக்குப் பிடிக்காது

சரியான பெயரைக் கண்டுபிடித்துப் போட்டாலும் சில நேரம் எர்ரர் 1219 வரும். ஒரே ஆள் ஒரே சர்வரிடம் இரண்டு பெயர்களில் பேச முடியாது என்பதுதான் இதன் பொருள். காலையில் சர்வரில் உள்ள பொது ஃபோல்டர் ஒன்றை வேறொருவர் பெயரைப் போட்டுத் திறந்திருப்பீர்கள். அந்த இணைப்பு மூடாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அதே சர்வரில் வேறொரு ஃபோல்டருக்கு உங்கள் பெயரைச் சொன்னால் "காலையில வேற பேர் சொன்னீங்களே" என்று மடக்குகிறது.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' என்று அடித்தால் திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியல் வரும். அதே கட்டளையோடு ஒரு நட்சத்திரக் குறியும் 'டிலீட்'டும் சேர்த்தால் எல்லாம் துண்டிக்கப்படும். புதிதாக இணைக்கவும் அதே கட்டளைதான்:

நெட் யூஸ் இசட்: \\சர்வர்\க்ளையன்ட்ஸ் /யூசர்:ஆபீஸ்\பிரியா *

கடைசியில் உள்ள நட்சத்திரம் முக்கியம். அதைப் போட்டால் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும், அடிப்பது திரையில் தெரியாது. பாஸ்வேர்டை அந்த வரியிலேயே அடித்தால் பின்னால் நிற்பவரும் படித்துவிடலாம். கட்டளை அலர்ஜி உள்ளவர்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' போய், 'வேறு பெயரில் இணை' என்ற பொருளில் உள்ள கட்டத்தை டிக் செய்தால் இதே வேலை நடக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபைண்டரில் கமாண்ட் பட்டனோடு கே. ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பில் 'கனெக்ட் டு சர்வர்'.

"என்னை நினைவில் வைத்துக்கொள்" என்ற டிக் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைப் போட்டால் பாஸ்வேர்டு லேப்டாப்பின் கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆபீஸில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள், நீங்களும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுகிறீர்கள். பைக்குள் இருக்கும் லேப்டாப்புக்கு அது தெரியாது. வைஃபையில் சேர்ந்ததும் பழைய பாஸ்வேர்டை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட தடவைக்கு மேல் தவறினால் கணக்கைப் பூட்டும்படி டொமைனில் விதி இருந்தால், உங்கள் கணக்கு பூட்டப்படும். "நான் எதுவுமே பண்ணலையே, தினமும் லாக் ஆகுது" என்று ஐடி டீமிடம் போய் நிற்பவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் பழைய டிக்தான்.

கூடவே இன்னொரு குழப்பம். ஷேர் செய்திருப்பது ஒரு சாதாரண விண்டோஸ் லேப்டாப், அதில் இருப்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், தினமும் திறக்க அடிக்கும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது. பின் என்பது அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும் செல்லும் சாவி. நெட்வொர்க் வழியாக வருபவர் கணக்கின் முழு பாஸ்வேர்டைத்தான் சொல்ல வேண்டும். அதை மறந்தே பல வருடம் ஆகியிருக்கும்! பகிர்வதற்கென்றே அந்த லேப்டாப்பில் தனியாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, அதற்கு மட்டும் ஃபோல்டர் அனுமதி கொடுப்பது எவ்வளவோ மேல். சொந்த இமெயிலின் பாஸ்வேர்டை ஆபீஸ் முழுக்கச் சொல்லவும் தேவையிருக்காது.

'நேத்து வரைக்கும் ஓடிச்சே!'

இதுவரை சொன்னவை எதுவுமே காரணமில்லாமல், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று ஃபோல்டர் நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை தேவை.

கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று ஃபோல்டர்களைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழியின் பெயர் எஸ்எம்பி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்-மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது, பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. விண்டோஸ் அல்லாத கம்ப்யூட்டர்களும் இதே மொழியைப் பேசட்டும் என்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதிய இலவச மென்பொருள்தான் 'சாம்பா'. முதலில் வைத்திருந்த பெயரை வேறொரு நிறுவனம் வணிக முத்திரையாக வைத்திருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லைக் கம்ப்யூட்டர் அகராதியில் தேடியபோது கிடைத்தது பிரேசில் நடனத்தின் பெயர். ஆபீஸ்களில் பேக்கப்புக்கு வைத்திருக்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவது இந்தச் சாம்பாதான்.

எஸ்எம்பி பிறந்த காலத்தில் ஆபீஸ் நெட்வொர்க்கில் திருடன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. பெயர் சொல்லாமல் 'விருந்தாளி'யாக, அதாவது கெஸ்ட்டாக உள்ளே வரலாம். அனுப்பும் தகவலை நடுவில் யாராவது திருத்தினாரா என்று பார்க்கக் கையெழுத்தும் கட்டாயமில்லை. அந்த வசதிகளை விண்டோஸ் ஒவ்வொன்றாக மூடி வருகிறது. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில், ப்ரோ மற்றும் நிறுவனங்களுக்கான எடிஷன்களில் இந்தக் கையெழுத்து கட்டாயமானது. ப்ரோ எடிஷனில் கெஸ்ட்டாகப் போகும் வழியும் மூடப்பட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த பழைய நாஸ் பெட்டியை, அப்டேட் ஆன லேப்டாப் மறுநாள் காலையில் தொட மறுத்ததற்கு இதுதான் காரணம்.

இதற்கும் ஒரு 'ரிஜிஸ்ட்ரி'யை மாற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று வீடியோக்கள் இருக்கின்றன. ஆகும்தான். ஆனால் நாஸ் பெட்டியின் செட்டிங்ஸில் போய் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கவும் அதே நேரம்தான் ஆகும். எஸ்எம்பி கையெழுத்துக்கான வசதியும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அந்த 'எவ்ரிஒன்' யோசனைக்கு வருவோம்

ஆடிட்டரிடம் போனில் சொன்ன அந்த வழி வேலை செய்யுமா? வேடிக்கை என்னவென்றால், அது மட்டும் செய்தால் பிரியாவின் லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கவே திறக்காது. எவ்ரிஒன் என்றால் தெருவில் போகும் எல்லோரும் என்று அர்த்தமில்லை. சர்வர் தன் பதிவேட்டில் பார்த்து ஒப்புக்கொண்ட எல்லோரும் என்றுதான் அர்த்தம். பிரியாவின் சிக்கல் அனுமதி இல்லாதது அல்ல, அடையாளம் தெரியாதது. ஃபுல் கன்ட்ரோல் கொடுத்த பிறகும் அதே பெட்டிதான் வரும்.

ஆபத்தே அதற்கு அடுத்த படியில்தான். எவ்ரிஒன் கொடுத்தும் திறக்கவில்லை என்றதும், "அப்ப கெஸ்ட்டை ஆன் பண்ணிடுங்க சார்" என்பார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், "பழைய எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணிப் பாருங்க". ஏதோ ஒரு கட்டத்தில் ஃபோல்டர் திறந்துவிடும். திறந்ததும் எல்லோரும் ரிட்டர்ன் வேலைக்குப் போய்விடுவார்கள். அதுவரை திறந்த எதையும் யாரும் மூடமாட்டார்கள்.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் கிளம்பியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது அந்தப் பழைய எஸ்எம்பி ஒன்றில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் விண்டோஸ் 10-ன் புதிய பதிப்புகளைப் புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி ஒன்று தானாகச் சேர்வதில்லை. ஃபோல்டர் வரவில்லை என்று அதைத் தேடிப் பிடித்து ஆன் செய்வது, சுவர் வைத்து மூடிய கிணற்றை மறுபடி திறப்பது மாதிரி.

ஓட்டையே இல்லாவிட்டாலும் ரான்சம்வேருக்கு எவ்ரிஒன் போதும். அது ஒரு லேப்டாப்பில் நுழைந்தால், அந்த லேப்டாப்பில் இருப்பவர் எந்த ஃபைலையெல்லாம் திருத்த முடியுமோ அதையெல்லாம் பூட்டும். இசட் டிரைவாகத் தெரியும் சர்வர் ஃபோல்டரும் அதில் சேர்த்தி. டொமைனுக்கு வெளியே இருக்கும் லேப்டாப்பில் ஆபீஸ் ஆன்டிவைரஸும் இருக்காது, ஆபீஸ் விதிகளும் ஓடாது. வீட்டில் தம்பி கேம் இறக்கிய மெஷினாகவும் இருக்கலாம். ஆடிட்டர் ஆபீஸ் ஃபோல்டருக்குள் இருப்பதோ நூற்றுக்கணக்கான பேரின் பான் கார்டு, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், டேலி டேட்டா. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதை விடுங்கள். 19-ம் தேதி ராத்திரி எல்லா க்ளையன்ட்டின் ஃபைலும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டால் 20-ம் தேதி காலையில் என்ன செய்வது?

டொமைனில் பிரியாவுக்குத் தனிக் கணக்கு, ஆர்ட்டிகிள்ஷிப் முடியும் நாளை அந்தக் கணக்கின் காலாவதித் தேதியாகப் போடுவது, அவர் பார்க்க வேண்டிய க்ளையன்ட்களின் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி. செட்டிங்ஸ் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: நெட்வொர்க்கில் வரும் ஒருவருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஷேர் அனுமதி ஒன்று, ஃபோல்டரின் சொந்த அனுமதி இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஒன்றில் 'படிக்க மட்டும்' என்று இருந்தால் இன்னொன்றில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தும் பயனில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் ஆபீஸ் ஃபோல்டரைத் திறக்க இதே பெயர் விதிதான். ஆனால் முதலில் விபிஎன் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வந்துவிட வேண்டும். விபிஎன் செலவை மிச்சம் பிடிக்க, ரவுட்டரில் எஸ்எம்பி-யின் 445-ம் எண் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படித் திறந்து கிடக்கும் கதவுகளை இணையம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு.

எல்லோரும் மறந்த இன்னொரு வெளியாள்

லேப்டாப்பைப் பற்றி இவ்வளவு பேசும் ஆபீஸில், டொமைனுக்கு வெளியே இருக்கும் மற்றொரு மெஷின் வரவேற்பறையில் நின்றுகொண்டிருக்கும். ஸ்கேன் செய்த காகிதத்தை நேராக சர்வர் ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மெஷின். அதுவும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் சொல்லித்தான் உள்ளே போகிறது. யார் பெயர்? மெஷினைப் பொருத்த வந்தவர் அவசரத்தில் கேட்டிருப்பார், யாரோ அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து சர்வரின் முழுச் சாவியும் அந்த மெஷினின் மெமரியில் இருக்கிறது. சில பழைய மெஷின்களுக்கு எஸ்எம்பி ஒன்றைத் தவிர வேறு மொழியும் தெரியாது. அதற்காகவே சர்வரில் அது இன்னும் அணைக்கப்படாமல் கிடக்கும்.

ஸ்கேனுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஒரே ஒரு ஃபோல்டரில் எழுதும் அனுமதி மட்டும் கொடுத்து, மெஷினின் முகவரிப் புத்தகத்தில் அந்தப் பெயரை மாற்றிப் போடலாம். எப்படி அடிக்க வேண்டும் என்பது இப்போது தெரியும்: டொமைன் பெயர், பேக்ஸ்லாஷ், ஸ்கேன் கணக்கின் பெயர். டொமைன் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கும் மெஷின்களும் உண்டு, அதில் பேக்ஸ்லாஷ் வேண்டாம். மாற்றியதும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்கேன் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஃபைல் ஃபோல்டரில் வந்து விழுந்த பிறகு, மறக்காமல் சர்வரின் பழைய அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும்.